பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

1. பாட்டியின் துணை

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் மல்காஜ்கிரி என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு சந்தில் ஒரு சிறிய வீடு. மேலே சிமெண்ட் ஷீட் போட்ட கூரை. வீட்டில் நான்கு பேர். பாட்டி, மகன், மருமகள், பேரன்.

பாட்டிக்குச் சொந்த ஊர் ஆம்பூர். தாத்தா இறந்த பிறகு மகனோடு வந்து தங்கிவிட்டார். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ரயில்வேயிலும் ராணுவத்திலும் வேலைக்கு வந்தவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆனால் பாட்டி இருக்கும் சந்தில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. பாட்டிக்குத் தெலுங்கு பேச வராது. பால்காரரிடம் 'பாலு' என்பார். தண்ணீர் லாரி வந்தால் 'நீள்ளு' என்பார். அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கு மகன் வேலைக்குப் போய்விடுவார். மருமகள் தையல் கம்பெனிக்குப் போய்விடுவார். கோடை விடுமுறை என்பதால் பேரன் விளையாடப் போய்விடுவான். பிறகு சாயங்காலம் வரை பாட்டி தனிதான். அப்போது அவருக்குத் துணை டி.வி. சமையல் நிகழ்ச்சி, செய்தி, தொடர், பழைய சினிமா எல்லாம் வரும். தமிழ்ப் பேச்சு காதில் விழும். மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

மே மாதம் பிறந்தது. ஐதராபாத்தில் வெயில் கொளுத்தியது. அந்த ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஷீட் கூரை வீட்டுக்குள் வெக்கை தாங்காது.

ஒரு நாள் மதியம் இரண்டு மணி. பாட்டி தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ரிமோட்டை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. சிறிது நேரத்தில் திரை கறுப்பாகிவிட்டது.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

ராத்திரி மகன் வந்து பார்த்தார். அப்போது படம் நன்றாக வந்தது.

“நல்லாத்தானே இருக்கு அம்மா!” என்றார் மகன்.

“நீ வரும்போது நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் வந்து பாருப்பா” என்றார் பாட்டி.

மகன் பக்கத்துக் கடையில் விசாரித்தார். கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. “பெட்டி போய்விட்டது. புதுசு வாங்குங்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. பாட்டிக்குக் கண்ணாடி வாங்குவதற்காக எடுத்து வைத்த பணம் அது.

“கண்ணாடியை அடுத்த மாசம் வாங்கிக்கலாம் அம்மா. முதலில் பெட்டியை வாங்கிடலாம்” என்றார் மகன்.

பாட்டி யோசித்தார். “ஒரு வாரம் பொறுப்பா. அது எப்போது நிற்கிறது என்று நான் எழுதி வைக்கிறேன். அப்புறம் பார்ப்போம்” என்றார்.

2. பாட்டியின் நோட்டு

பாட்டி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. ஐம்பத்தெட்டு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மல்காஜ்கிரியில் கடைப் பலகையெல்லாம் தெலுங்கில் இருக்கும். அதை அவரால் படிக்க முடியாது. ஆனால் எண்களைப் படிக்க முடியும். எண் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பேரனின் பழைய நோட்டில் மூன்று பக்கம் காலியாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து அதில் இப்படி எழுதினார்.

திங்கள். 12 மணிக்கு டி.வி. போட்டேன். 2.10க்கு நின்றது.

செவ்வாய். 12 மணிக்குப் போட்டேன். 2 மணிக்கு நின்றது.

புதன். காலை 9 முதல் 1 வரை கரண்ட் இல்லை. 1 மணிக்குப் போட்டேன். 4.20க்கு நின்றது.

வியாழன். 12 மணிக்குப் போட்டேன். மேகமூட்டம். வெயில் இல்லை. 3 மணிக்குப் பெரிய மழை. பத்து நிமிஷம் படம் இல்லை. மழை விட்டதும் தானாக வந்தது. பிறகு ராத்திரி வரை நிற்கவில்லை.

வெள்ளி. 12 மணிக்குப் போட்டேன். 2.05க்கு நின்றது.

சனிக்கிழமை மருமகளுக்கு அரை நாள் லீவு. அவர் தெரிந்த டி.வி. மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். இளைஞர். தெலுங்குக்காரர். தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். பாட்டியை 'பெத்தம்மா' என்று கூப்பிட்டார்.

மருமகள் நோட்டை நீட்டினார். “அத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும். நான் படித்துக் காட்டுகிறேன்” என்றார்.

மெக்கானிக் கவனமாகக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“பெத்தம்மா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். இந்தப் பெட்டி போகவில்லை. இதற்கு மூச்சு முட்டுகிறது” என்றார்.

3. நோட்டு சொன்ன செய்தி

மெக்கானிக் ஒவ்வொரு வரியாக விளக்கினார்.

“திங்கள், செவ்வாய், வெள்ளி. மூன்று நாளும் நல்ல வெயில். மூன்று நாளும் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு நின்றிருக்கிறது. ராத்திரியில் நிற்பதில்லை. அப்படி என்றால் காரணம் சூடுதான்.

“புதன்கிழமை நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டி நன்றாக ஆறியிருந்தது. அதனால் அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

“வியாழக்கிழமை வெயில் இல்லை. அதனால் நிற்கவில்லை. நடுவில் பத்து நிமிஷம் படம் போனது மழையால். அது வேறு காரணம். அதற்குப் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது.”

மழைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? டி.வி. நிகழ்ச்சியை அனுப்பும் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தது. கனத்த மழை பெய்தால் மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சிவிடும். மழை விட்டதும் படம் தானாக வரும்.

ஆகவே படம் நின்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள். வானத்தைப் பாருங்கள். மழையில் மட்டும் நின்றால் அது மழையின் வேலை. காற்றில் டிஷ் திரும்பிவிட்டால் எப்போது பார்த்தாலும் படம் வராது. காலையில் நன்றாக ஓடி, மதியம் நின்று, ஆறிய பிறகு மறுபடியும் ஓடினால் அது சூட்டின் வேலை.

4. பெட்டி எங்கே இருந்தது?

“பெட்டி எங்கே இருக்கிறது?” என்று கேட்டார் மெக்கானிக்.

மருமகள் காட்டினார். டி.வி.க்கு மேலே, கூரைக்குப் பக்கத்தில் ஒரு மர ஷோகேஸ். அதற்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு ஸ்டெபிலைசர். அதன் மேல் செட்டாப் பாக்ஸ். பாக்ஸின் மேல் பூப்போட்ட துணி. துணியின் மேல் ஒரு சாமி படம்.

“தூசி படக் கூடாது என்று நான்தான் துணி போட்டேன்” என்றார் மருமகள்.

“உங்கள் அக்கறை நல்லதுதான் அக்கா. ஆனால் மே மாதத்தில் யாராவது கம்பளி போர்த்திக்கொண்டு, பீரோவுக்குள் உட்கார்ந்து, அடுப்பின் மேல் தூங்குவார்களா?” என்று கேட்டார் மெக்கானிக்.

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெக்கானிக் பெட்டியின் மேல் கையை வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு.

“ஓடும்போது வெதுவெதுப்பாக இருந்தால் தப்பில்லை. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். கை வைக்கவே முடியாமல் சுட்டால் அது ஆபத்துக்கு அடையாளம்” என்றார்.

5. சூடு எங்கிருந்து வருகிறது?

செட்டாப் பாக்ஸ் என்ன வேலை செய்கிறது? கூரையில் உள்ள டிஷ் செயற்கைக்கோளின் அலையைப் பிடிக்கிறது. அந்த அலை கேபிள் வழியாகப் பெட்டிக்கு வருகிறது. அதில் பல சேனல்கள் கலந்திருக்கும். பூட்டியும் இருக்கும். பெட்டி பூட்டைத் திறந்து, நமக்கு வேண்டிய சேனலைப் பிரித்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது. அதற்கு ஓயாமல் கணக்குப் போட வேண்டும். உள்ளே இருக்கும் சிப் அந்தக் கணக்கைப் போடுகிறது.

இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டும். பெட்டி எடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் கடைசியில் சூடாக மாறிவிடும். அந்தச் சூடு வெளியே போக வேண்டும்.

எப்படிப் போகும்? அடுப்புப் புகையைப் பாருங்கள். அது மேலே போகிறது. சூடான காற்று லேசானது. அதனால் மேலே ஏறும். அந்த இடத்துக்குக் கீழே இருந்து குளிர்ந்த காற்று வரும். பெட்டியின் மேலும் அடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா? அவை அழகுக்காக வைத்தவை அல்ல. அவைதான் பெட்டியின் மூக்கு. கீழே உள்ள ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வருகிறது. மேலே உள்ள ஓட்டை வழியாகச் சூடு வெளியே போகிறது.

மேலே துணி போட்டால் சூடு போக வழியில்லை. அடியில் இடம் இல்லாவிட்டால் காற்று வர வழியில்லை. கதவை மூடினால் அதே சூடான காற்று உள்ளேயே சுற்றும். வடித்த சோற்றை மூடி வைத்தால் ராத்திரி வரை சூடு இருக்கும் அல்லவா? அதே கதைதான்.

பல பெட்டிகளின் குறிப்புப் புத்தகத்தில் 40 அல்லது 45 டிகிரி வரை உள்ள இடத்தில் வைக்கலாம் என்று எழுதியிருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் ஷீட் கூரைக்கு அடியில் அதைவிட அதிகம். மூடிய ஷோகேஸுக்குள் இன்னும் அதிகம்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? சிப் கணக்கைத் தப்பாகப் போடும். அதனால்தான் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சில பெட்டிகள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். ஆனால் தினமும் இப்படி நடந்தால் பெட்டியின் ஆயுள் குறையும். உள்ளே சிறிய உருளை போன்ற கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஈரமான ஒரு மருந்து இருக்கும். சூட்டில் அது காய்ந்துபோகும். உருளையின் தலை உப்பிவிடும். பிறகு பெட்டி நிஜமாகவே போய்விடும். 10 டிகிரி சூட்டைக் குறைத்தால் இந்தக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு.

6. ஐதராபாத்தின் பழைய கதை

மெக்கானிக் பெட்டியைக் கீழே இறக்கட்டும். அதற்குள் ஒரு பழைய செய்தியைத் தெரிந்துகொள்வோம்.

செயற்கைக்கோளிலிருந்து நேராக டி.வி. நிகழ்ச்சி வருவது ஐதராபாத்துக்குப் புதிது அல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இந்தியாவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்கா தன்னுடைய செயற்கைக்கோள் ஒன்றை ஓர் ஆண்டுக்குக் கொடுத்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் டி.வி. வைத்தார்கள். அன்றைய ஆந்திரப் பிரதேசமும் அந்த ஆறில் ஒன்று. விவசாயம், உடல்நலம், குழந்தைகள் கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் வந்தன. கம்பி வலையால் செய்த பெரிய டிஷ் அந்த அலைகளைப் பிடித்தது. இஸ்ரோ இந்தச் சோதனையை நடத்தியது. கிராமங்களுக்கான டி.வி. பெட்டிகள் ஐதராபாத்தில் உள்ள ஈ.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தில் தயாராயின. 1967இல் தொடங்கிய நிறுவனம் அது. இன்றும் ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். என்ற பெயரில் ஒரு பேருந்து நிறுத்தமே இருக்கிறது.

கிராமத்துப் பெட்டிகளுக்கும் வெயில், தூசி, ஏறி இறங்கும் மின்சாரம் எல்லாம் இருந்தன. அன்று ஊருக்கு ஒரு பெட்டி. அது பொது இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார்.

பிறகு காலம் மாறியது. 2003இல் இந்தியாவில் வீட்டுக்கு நேராக வரும் டிஷ் சேவை தொடங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணம் இல்லாத சேவையைத் தொடங்கியது. 2013 மார்ச் 31க்குள் ஐதராபாத்தில் கேபிள் டி.வி. வைத்திருப்பவர்களும் செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. இப்போது டிஷ் உள்ள வீட்டிலும் கேபிள் உள்ள வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார்? நாம்தான்.

7. பெட்டி இடம் மாறியது

மெக்கானிக் முதலில் சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். அரை மணி நேரம் பெட்டியை ஆற விட்டார்.

காய்ந்த பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்தார். ஓட்டைகளில் இருந்த தூசியை மெல்லத் தட்டினார். கறுப்பாகத் தூசி கொட்டியது. இரண்டு கரப்பான் பூச்சிகளும் செத்து விழுந்தன.

“கதகதப்பான இடம் தேடிப் பூச்சிகள் வரும். மாதம் ஒரு முறை இப்படித் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டாம்” என்றார்.

பிறகு டி.வி.க்குக் கீழே இருந்த திறந்த பலகையைக் காட்டினார். “சூடான காற்று மேலே சேரும். கூரைக்குப் பக்கத்தில்தான் வெக்கை அதிகம். பெட்டியை இங்கே கீழே வைப்போம். தரையில் மட்டும் வேண்டாம். வீடு கழுவினால் தண்ணீர் பட்டுவிடும். மேற்கு ஜன்னல் வெயிலும் இங்கே விழாது.”

ஸ்டெபிலைசரைத் தள்ளி வைத்தார். அதுவும் சூடாகும் பொருள். அதன் மேல் பெட்டியை வைக்கக் கூடாது.

பேரன் நான்கு தண்ணீர் பாட்டில் மூடிகளைக் கொண்டு வந்தான். பெட்டியின் நான்கு மூலைக்கும் கீழே ஒவ்வொரு மூடியை வைத்து ஒட்டினார்கள். ஓட்டையை மறைக்காமல் ஒட்டினார்கள். பெட்டி ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. அடியில் காற்றுப் போக இடம் கிடைத்தது. செலவு ஒன்றும் இல்லை.

“பக்கவாட்டிலும் பின்னாலும் நான்கு விரல் இடம் விடுங்கள். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே எதையும் வைக்காதீர்கள்” என்றார் மெக்கானிக்.

சாமி படம் சுவரில் ஆணிக்கு ஏறியது. பூப்போட்ட துணி ஸ்டூலுக்குப் போனது.

அடுத்து மெக்கானிக் கேபிளைப் பார்த்தார். பெட்டிதான் கேபிள் வழியாக டிஷ்ஷில் உள்ள கருவிக்கு மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் போகும். கேபிளின் நடுக் கம்பியும் சுற்றியிருக்கும் வலைக் கம்பியும் ஒன்றையொன்று தொட்டால், அல்லது முனையில் மழைத் தண்ணீர் புகுந்தால், பெட்டி திணறும். அதனாலும் சூடாகும். அவர் முனையைக் கழற்றித் துடைத்து, மறுபடி முறுக்கினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

“சின்ன ஃபேன் வைக்கலாமா அண்ணா?” என்று கேட்டான் பேரன்.

“கோட்டியில் குஜராத்தி கல்லி இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன ஃபேன் கிடைக்கும். காற்று வர வழியே இல்லாத இடத்தில் அதைப் பெட்டிக்கு வெளியே வைக்கலாம். தெரிந்தவர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் இடம் விட்டு வைத்தாலே பெரும்பாலும் போதும். இலவசமாகக் கிடைக்கும் காற்றை முதலில் விடுவோம்” என்றார் மெக்கானிக்.

8. ரிமோட்டில் அணைத்தால் போதுமா?

“ராத்திரி டி.வி.யை எப்படி அணைப்பீர்கள் பெத்தம்மா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“ரிமோட்டில்தான். சிவப்பு விளக்கு எரியும்” என்றார் பாட்டி.

“சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி தூங்கவில்லை என்று அர்த்தம். பல பெட்டிகள் அப்போதும் நிறைய மின்சாரம் எடுக்கும். இரவு முழுக்கச் சூடாகவே இருக்கும். காலையில் நீங்கள் போடும்போதே அது களைத்துப்போய் இருக்கும். புதன்கிழமை கரண்ட் போனதும் பெட்டி அதிக நேரம் ஓடியது அல்லவா? அதுதான் சாட்சி. படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணையுங்கள்.”

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யும் நேரத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பல நாள் அணைத்து வைத்திருந்தால், போட்டவுடன் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் கிளம்பும் முன் அடாப்டரைக் காட்டினார். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கறுப்புக் கட்டி அது. “இதில் ஒட்டியிருக்கும் எண்களைப் படியுங்கள் பெத்தம்மா.”

பாட்டி கண்ணைச் சுருக்கிப் படித்தார். “12. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. அப்புறம் 1.5.”

“12 வோல்ட். 1.5 ஆம்பியர். இந்த அடாப்டர் கெட்டுப்போனால் இதே எண் உள்ளதை வாங்குங்கள். வோல்ட் எண் மாறவே கூடாது. ஆம்பியர் எண் குறையக் கூடாது. கூடினால் பரவாயில்லை. பின்னும் இதேபோல இருக்க வேண்டும். விலை குறைவு என்று 1 ஆம்பியர் வாங்கினால் அது தாங்காது. அடாப்டரே சூடாகிவிடும்.”

மெக்கானிக் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மீதிப் பணம் அப்படியே இருந்தது.

9. அடுத்த வாரம்

பாட்டி நோட்டை மூடவில்லை. அடுத்த வாரமும் எழுதினார். வெயில் குறையவில்லை.

திங்கள். 12 மணிக்குப் போட்டேன். 5 மணி வரை நிற்கவில்லை.

செவ்வாய். நிற்கவில்லை.

புதன். நிற்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பத்து எண்ணும் வரை கை வைக்க முடிந்தது.

வியாழன். நிற்கவில்லை. மாலை தம்பியோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

10. நினைவில் வைப்போம்

செய்ய வேண்டியவை:

பெட்டியைத் திறந்த இடத்தில் வையுங்கள். சுற்றிலும் நான்கு விரல், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

நான்கு மூடிகளை வைத்துப் பெட்டியைத் தூக்கி வையுங்கள்.

மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள்.

பார்க்காத நேரத்தில் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

படம் எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

செய்யக் கூடாதவை:

பெட்டியின் மேல் துணி, படம், பூச்சாடி, விளக்கு வைக்கக் கூடாது.

ஈரத் துணியோ ஐஸ் கட்டியோ வைத்துப் பெட்டியைக் குளிர வைக்கக் கூடாது. மின்சாரம் தாக்கும்.

பெட்டியைத் திறக்கக் கூடாது. ஓட்டை போடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மேலும் திறந்தால் வாரண்டி போய்விடும்.

ஆபத்து அடையாளங்கள்:

பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ, அடாப்டர் உப்பினாலோ, பொறி பறந்தாலோ உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தப் பெட்டியை மறுபடி போடாதீர்கள். மின்சாரத்தால் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணலைப் போடலாம். தீ பெரிதானால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். 101 அல்லது 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி நின்றால், அது நிஜமாகவே பழுதாகியிருக்கலாம். அப்போது சேவை தரும் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். வாரண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கம்பெனி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திடம் புகார் சொல்லலாம்.

பதில் சொல்லுங்கள்

1. பாட்டி நோட்டில் எழுதியது எப்படி உதவியது?

2. வியாழக்கிழமை பத்து நிமிஷம் படம் போனது ஏன்?

3. பெட்டியில் ஓட்டைகள் எதற்காக இருக்கின்றன?

4. அடாப்டர் வாங்கும்போது எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

வோல்ட் எண்ணை ஆம்பியர் எண்ணால் பெருக்கினால் வாட் கிடைக்கும். பாட்டி வீட்டு அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அது அதிகமாக எத்தனை வாட் கொடுக்கும்? (விடை: 18 வாட்)

ஒரு பெட்டி எப்போதும் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் தினமும் 6 மணி நேரம் டி.வி. பார்க்கிறார்கள். மீதி 18 மணி நேரம் சிவப்பு விளக்கு சும்மா எரிகிறது. 30 நாளில் எத்தனை யூனிட் வீணாகும்? 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். (விடை: 10 × 18 × 30 = 5,400. அதாவது 5.4 யூனிட்)

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு டி.வி. பெட்டியைப் போய்ப் பாருங்கள். அதன் மேல் என்ன இருக்கிறது? அடியில் என்ன இருக்கிறது? சுற்றிலும் எத்தனை விரல் இடம் இருக்கிறது? நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.